சித்திரை முதல் தேதியும் வருஷத்தின் முதல் உழவும்

சித்திரை மாதம் முதல் தேதியன்று காலையில் ஏர் பூட்டி, நிலத்தில் முதற்சால் ஓட்டும் வழக்கம் நம் ஜில்லாக்கள் பலவற்றில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர்ப் பக்கங்களில் இதனைப் பொன்னேர் பூட்டுதல் என்பர். நல்லேர் கட்டுதல் என்று கூறுவாரும் உண்டு. அன்று மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புகளுக்கு வர்ணம் தீட்டி, நுகத்தடிக்கும் மேழிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, ஊரார் ஒன்றுகூடிப் பொது நிலத்திலோ கோயில் நிலத்திலோ ஏர்களை வரிசையாக நிறுத்துவர். பெண்மக்கள் ஓலைப்பெட்டிகளில் நவதானியம் கொண்டுவருவர். சில சால்கள் ஓட்டி, கைப்பிடி விதை தெளித்து, பானகமும் நீர்மோரும் வழங்கியபின் ஊர் கலையும். மாடுகள் அருகிவிட்ட ஊர்களில் டிராக்டர்களுக்கே மாலை சூட்டி இச்சடங்கை நடத்துகின்றனர்.

இவ்வழக்கம் நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று. மலையாள தேசத்தில் விஷுவை ஒட்டி ஓட்டும் சாலுக்கு விஷுச்சால் என்று பெயர். பழைய மைசூர்ச் சீமையில் யுகாதியன்று ஹொன்னாரு பூட்டுவர். அதுவும் பொன்னேர் என்னும் சொல்லே. தெலுங்கு நாட்டில் ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி, மழையை எதிர்பார்த்து ஏருவாக என்னும் முதல் உழவை நடத்துவர். வருஷப் பிறப்பைக் கோயிலிலும் அடுக்களையிலும் கொண்டாடுவதோடு நில்லாமல், வயலில் கொண்டாட வேண்டும் என்று நம் முன்னோர் விதித்தது யோசனையுள்ள செயலே ஆகும்.

ஆனால், அதற்கு மறுநாள் நடப்பது என்ன? கலப்பை கொட்டகைக்குள் சென்றுவிடுகிறது. டிராக்டர் வாடகைக்குப் போய்விடுகிறது. நிலமோ ஆடிவரை வெயிலில் இறுகிக் கிடக்கிறது. பஞ்சாங்கம் படித்து, இவ்வருஷத்துக்கு இத்தனை மரக்கால் மழை என்றும், இன்ன ராசிக்கு இவ்வளவு ஆதாயம், இவ்வளவு விரயம் என்றும் கேட்டுத் திருப்தியுறுகிறோம். நீலகிரிக்கும் இராமநாதபுரத்துக்கும் ஒரே மரக்கால் கணக்கைச் சொல்லும் நூலைக் கொண்டு சாகுபடி செய்தல் இயலாது என்பதை நாம் அறியாமல் இல்லை. கேட்பதற்கு இனிமையாக இருப்பதால் கேட்கிறோம். அதில் குற்றமொன்றுமில்லை. அத்துடன் வருஷத்தின் ஆரம்பம் முடிந்துவிட்டதென்று எண்ணுவதுதான் நஷ்டத்துக்கு இடமாகிறது.

ஆங்கிலக் கணக்கில் ஏப்ரல் 14-ஆம் தேதியை ஒட்டிச் சித்திரை பிறக்கிறது. ரெவினியூக் கணக்கில் புதுப் பசலி பிறப்பது ஜூலை மாதம் முதல் தேதி. இவ்விரண்டு பிறப்புகளுக்கும் இடையே ஏறக்குறைய 78 நாட்கள் உள்ளன. வருஷ முழுவதும் நடக்கும் சாகுபடியின் லாப நஷ்டத்திற் பெரும்பகுதி இந்நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது என்பது இக்கட்டுரையாளனின் அபிப்பிராயம்.

முதலில் உழவை எடுத்துக்கொள்வோம். சடங்குக்காக ஓட்டிய சாலை அவ்வளவில் விடாது, கோடை மழை ஒன்று பெய்து மண் பதமானவுடன் நிலம் முழுவதையும் உழுது போடுதல் வேண்டும். மானாவாரி நிலங்களில் சரிவுக்குக் குறுக்கே உழவேண்டும். கட்டிகளை உடைக்காமல் அப்படியே விடலாம். அடுத்து வரும் மழைநீர் ஓடிவிடாமல் சால்களில் தங்கி மண்ணுக்குள் இறங்கும். கோவில்பட்டி போன்ற கரிசல் பூமிகளில் விதைப்பு புரட்டாசியில்தான் என்றாலும், விதைப்பதற்கு முன் நிலத்துக்குள் சேர்ந்த ஈரத்தின் அளவே தையில் களஞ்சியத்தின் அளவாகத் தெரியவரும். செம்மண் நிலங்களில் நிலக்கடலை பயிரிடுவோருக்கு வேறோர் அனுகூலமும் உண்டு. சிவப்புக் கம்பளிப் புழு, கூட்டுப்புழுவாகி மண்ணுக்குள்ளும் வரப்போரங்களிலும் கோடையைக் கழிக்கிறது. மழை விழுந்ததும் அந்துப்பூச்சியாக வெளிவந்து முட்டையிடுகிறது. உழவினால் மேலே புரண்டு வந்த கூட்டுப்புழுக்களைக் கொக்கும் காக்கையும் மைனாவும் கொத்தித் தின்பதை ஏரின் பின்னே நடப்பவர் எவரும் காணலாம். மிஞ்சுவன வெயிலில் மடியும். பின்னால் மருந்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை அப்பறவைகள் கூலியின்றி மிச்சப்படுத்திக் கொடுக்கின்றன. கோரைக் கிழங்குகளும் மேலே வந்து காய்ந்துபோகும்.

டிராக்டர் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. வருஷந்தோறும் ஒரே ஆழத்தில் உழுதுவந்தால், அவ்வாழத்துக்குக் கீழே மண் இறுகித் தட்டுப்போல் ஆகிவிடும். வேரும் அதனைத் தாண்டுவதில்லை, நீரும் தாண்டுவதில்லை. அத்தகைய நிலங்களில் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை உளிக்கலப்பையால் ஆழமாகக் கீறிவிடுதல் நலம்.

காவிரிப் பாசனப் பகுதியில் நிலைமை வேறு. அங்கே தாளடியும் சம்பாவும் அறுவடையானபின் வயலில் கிடந்த ஈரத்தைக் கொண்டு உளுந்தும் பயறும் விளைந்து, சித்திரைக்குள் அவையும் எடுக்கப்பட்டுவிடும். பின்பு இராமநாதபுரம் சீமைக் கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிவந்து கிடை போடும் காலம். கிடைக்குக் கொடுக்கும் பணத்தை வீண் என்று எண்ணுவோர் இப்போது உண்டு. ஒரு வண்டி எருவை வயலுக்குக் கொண்டுசேர்க்க ஆகும் கூலியைக் கணக்குப் பார்த்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். ஆற்றில் நீர் வருமுன் ஓரிரண்டு மழை கிடைத்தாலும், குழாய்க்கிணறு இருந்தாலும், ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையைத் தெளித்து, 45 நாட்களில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம்.

நீர் எப்போது வரும் என்பதே டெல்டா விவசாயியின் முதல் கேள்வி. 1934-ஆம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படவேண்டும் என்பது ஏற்பட்ட வழக்கம். சித்திரை முதல் தேதியிலிருந்து எண்ணினால் அது சுமார் 60-ஆம் நாள். ஆனால் நதி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. 2021, 2023, 2025 ஆகிய வருஷங்களில் ஜூன் 12-ஆம் தேதியே திறக்கப்பட்டது. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரையில் காத்திருக்க நேர்ந்தது. மூன்று வருஷங்களுக்குள் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வித்தியாசம்! ஆகவே புது வருஷத்தில் ஒரு திட்டம் போதாது. இரண்டு திட்டங்கள் எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். நீர் காலத்தில் வந்தால் இன்ன வயலில் குறுவை, பின் தாளடி என்பது ஒன்று. காலத்தில் வாராவிடில் குறுவையைக் கைவிட்டு, தக்கைப்பூண்டு மடக்கி, நீண்டகால ரகம் கொண்டு ஒரே சம்பாவாகச் செய்வது மற்றொன்று. எந்தத் தேதிக்குள் நீர் வராவிடில் இரண்டாவதற்கு மாறுவது என்பதையும் சித்திரையிலேயே குறித்துவிடவேண்டும். ஆடியில் யோசிப்பவர் பெரும்பாலும் அண்டை வயல்காரரைப் பார்த்தே தீர்மானிக்கிறார். அண்டை வயல்காரரும் இவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவ்வாறு பிந்தி நட்ட குறுவை, ஐப்பசி அடைமழையில் களத்துமேட்டில் முளைவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

இனி விதை. இவ்விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் டெல்டாக் கிராமமொன்றில், ஒன்பது ஏக்கர் நன்செய் உள்ள மிராசுதார் ஒருவர் வீட்டுக்கு நான் சென்றிருந்தேன். மனிதர் முயற்சியுள்ளவர், நிலத்தை விட்டு வெளியூர் போகாதவர். விதைநெல்லை முன் வருஷமே எடுத்து, உர மூட்டைப் பைகளில் கட்டி, சிமெண்டுத் தரைமேல் சுவரை ஒட்டி அடுக்கி வைத்திருந்தார். நீர் வருகிறதென்ற செய்தி கேட்டதும் ஊறவைத்து நாற்றங்காலில் விட்டார். ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் முளைக்கவில்லை என்பது தெரிந்தது. ஊரெல்லாம் விதைத்துக்கொண்டிருந்த நேரமாதலால் கடையில் விதை இல்லை. கிடைத்த நெல்லைக் கிடைத்த விலைக்கு வாங்கி மறுபடியும் விட்டார். அதில் இரண்டு ரகங்கள் கலந்திருந்தன. ஒரு வயலிலேயே பாதி பழுத்து நிற்கப் பாதி பால் பிடித்து நின்றது. இருபது நாட்கள் பிந்திய அறுவடை மழையில் அகப்பட்டது. அவ்வருஷம் கூட்டுறவுச் சங்கக் கடனைக் கட்ட வீட்டு நகை வெளியே சென்றது. அவர் என்னிடம் கூறியது இவ்வளவே: “சித்திரையிலே நூறு நெல்லை எண்ணிப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும், ஐயா. எண்ணத்தான் இல்லை.”

நூறு நெல்லை எண்ணிப் போடுவதற்கு இயந்திரமோ படிப்போ வேண்டியதில்லை. மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்றிடங்களிலும் கைவிட்டு எடுத்துக் கலந்து, நல்லதென்று பொறுக்காமல் வந்தபடியே 100 மணிகளை எண்ணவும். நனைத்துப் பிழிந்த கோணித்துண்டில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் தெளித்துவரவும். ஏழாம் நாள் பிரித்து, வேரும் முளையும் செவ்வையாக விட்டவற்றை எண்ணுக. மீதியைப் பதினான்காம் நாள் வரையில் விட்டு மறுமுறை எண்ணுக. நெல்லுக்கு 100-க்கு 80 முளைத்தல் வேண்டும் என்பதே சான்று பெற்ற விதைக்கும் விதித்துள்ள குறைந்த அளவு. மக்காச்சோளத்துக்கு 90, சோளத்துக்கும் பயறு வகைகளுக்கும் 75, நிலக்கடலைக்கு 70. ஒரே முறை போடாமல் நான்கு சுருட்டாக 400 மணிகள் போட்டுச் சராசரி பார்த்தால் இன்னும் நிச்சயமாகும். அறுபதுதான் முளைத்தது, ஆகவே விதையைக் கூடுதலாக விட்டுச் சரிசெய்து கொள்ளலாம் என்று சிலர் கருதுவர். முளைத்த அறுபதும் வலிவற்ற நாற்றாகவே இருக்கும். அவ்விதையை அரிசியாக்கி உண்டுவிட்டு வேறு விதை தேட, சித்திரையில் இன்னும் அவகாசம் இருக்கிறது, ஆனியில் இல்லை.

முளைப்பு நன்றாயிருந்தாலும் பதர் கலந்திருக்கலாம். பத்து லிட்டர் தண்ணீரில் கோழிமுட்டை ஒன்றைப் போட்டு, அது மிதந்து மேற்பாகம் பழைய நாலணாக் காசு அளவு தெரியும்வரையில் உப்பைக் கரைக்கவும்; ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ பிடிக்கும். அந்நீரில் விதையைக் கொட்டி, மிதப்பவற்றை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கிய கனத்த மணிகளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி, உடனே விதைக்குப் பயன்படுத்தலாம். கழுவாமல் விட்டால் உப்பே முளையைக் கெடுக்கும். இதனை விதைக்கும் சமயத்தில் செய்யவேண்டுமேயன்றி முன்கூட்டிச் செய்து மூட்டை கட்டலாகாது.

மண் பரிசோதனைக்கும் இக்காலமே ஏற்றது, ஏனெனில் வயலில் பயிரும் இல்லை, உரமும் இடப்படவில்லை. ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையை நீக்கி, ஆறு அங்குல ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி, வெட்டின் பக்கத்திலிருந்து ஒரே கனமாக மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலந்து, நாலாகப் பகுத்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரையில் குறைக்கவேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் இவற்றை நீக்குக. 2015-ஆம் வருஷத்தில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கியதுமுதல் பலர் வீட்டில் அட்டை இருக்கிறது. அதனைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருப்பவரே மிகுதி! கடைக்கு உரம் வாங்கச் செல்லும்போது அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவாரை நான் மிகச் சிலரையே கண்டேன்.

புது வருஷத்தில் புது ரகம், புது முறை ஒன்றைக் கைக்கொள்ள விரும்புவோர்க்கு ஒரு யோசனை. அண்டையூரில் நன்றாக விளைந்ததென்று கேட்டு நிலம் முழுவதையும் ஒரே தடவையில் மாற்றுவோர் ஒருபுறம். தகப்பனார் செய்தபடி அல்லாமல் ஒரு பிடி உரத்தைக்கூட மாற்றமாட்டேன் என்போர் மறுபுறம். இருவரும் சோதித்தறிதலை விட்டவர்களே. கோயமுத்தூரில் 1912-ஆம் வருஷத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டபின், பார்னெல் என்னும் தாவர சாஸ்திரியின் காலத்தில், கோணாமணி என்னும் நெல்லின் நடுவே வேறுபட்டுத் தோன்றிய பயிரைத் தனியே எடுத்துப் பெருக்கியதிலிருந்து ஜி.இ.பி. 24 என்னும் சன்ன ரகம் கிடைத்து, 1921-ல் வெளியாயிற்று. சிறு பாத்தியில் தொடங்கிய அந்நெல்லே பிற்பாடு டி.கே.எம். 6-க்கும், குறுவைக்குப் பெயர்பெற்ற ஆடுதுறை 27-க்கும் பெற்றோர்களில் ஒன்றாயிற்று, டி.கே.எம். 6-ன் வழியே 1969-ல் வந்த ஐ.ஆர். 20-க்கும் அதன் இரத்தம் உண்டு. ஆராய்ச்சி நிலையமே பாத்தியில் பார்த்துத்தான் வயலுக்குப் போகிறதென்றால், குடியானவன் பத்து சென்ட்டில் பார்த்துவிட்டு ஏக்கருக்குப் போவதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

பத்து சென்ட்டை ஒதுக்கி, அதில் ஒன்றை மாத்திரம் மாற்றவேண்டும். ரகத்தை மாற்றினால் உரத்தையும் இடைவெளியையும் மாற்றலாகாது. பக்கத்திலேயே அதே நாளில் நட்ட பழைய முறைப் பயிர் இருத்தல் வேண்டும். அறுவடையில் இரண்டிலும் நடுவே ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குட்பட்ட கதிரைத் தனியே அறுத்து அடித்து, உலர்த்தி நிறுக்கவும். சர்க்கார் நெற்பயிர் மகசூல் மதிப்பீட்டுக்குக் கையாளும் அளவும் இதுவே. கிடைத்த கிலோவை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் மகசூல் வரும். ஒன்றில் 15 கிலோவும் மற்றொன்றில் 13 கிலோவும் வந்தால், ஏக்கருக்கு 324 கிலோ வித்தியாசம். அதன் விலையையும், கூடுதலாக ஆன செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தால் அயலார் சொல் தேவையில்லை. ஒரு வருஷத்து மழையை நம்பாமல் இரண்டு வருஷம் பார்ப்பது இன்னும் உத்தமம். பொறுமையில்லாதவர் இதனை ஏற்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இக்காலத்தில் வேலை உண்டு. 1980-ஆம் வருஷத்தில் முன்சீப், கர்ணம் என்னும் பரம்பரை உத்தியோகங்கள் நீக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். ஆயினும் ஜமாபந்தியும் அடங்கலும் நீங்கவில்லை, அவற்றின் முக்கியத்துவம் பெருகியே இருக்கிறது. முன்னாளில் அடங்கலில் எழுதும் பயிர் தீர்வைக்கும் தண்ணீர் வரிக்குமே பெரிதும் பிரயோஜனப்பட்டது. 2016-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேருவதற்கு, இன்ன சர்வே எண்ணில் இன்னார் இன்ன பயிர் செய்கிறார் என்ற அத்தாட்சி வேண்டும். வெள்ளத்திலோ வறட்சியிலோ 33 சதவீதத்துக்கு மேற்பட்டுச் சேதமானால் கிடைக்கும் நிவாரணத்துக்கும் அதுவே ஆதாரம். வயலில் உளுந்து இருக்க அடங்கலில் தரிசு என்று இருந்தால், சேதம் உண்மையாயிருந்தும் உதவி வாராது. குத்தகைதாரர் விஷயத்தில் இத்தவறு மிகுதி.

இதில் விவசாயியின் பொறுப்பும் குறைந்ததன்று. பட்டா இன்னும் காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே இருக்க, பேரப்பிள்ளைகள் மூவர் வாய்மொழியாகப் பாகம் பிரித்து உழுதுவரும் நிலங்கள் ஒவ்வோர் ஊரிலும் உள. நல்ல வருஷத்தில் இதனால் தொல்லையில்லை. கெட்ட வருஷத்தில் மூவருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. மே, ஜூன் மாதங்களில் தாலுகாவில் ஜமாபந்தி நடக்கும்போது மனுக்கள் பெறப்படுகின்றன. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பத்திரம், பட்டா நகல் ஆகியவற்றைச் சித்திரையிலேயே சேகரித்து வைத்துக்கொண்டால் அன்று மனுவைக் கொடுக்கலாம். கிராம அலுவலரும் தம் கிராமத்தில் இறந்தோர் பெயரிலிருக்கும் பட்டாக்களின் பட்டியல் ஒன்றைத் தாமே தயாரித்து, சம்பந்தப்பட்டவர்களுக்கு ஜமாபந்திக்கு முன் சொல்லியனுப்பினால், ஒரு கிழமை வேலையில் பல குடும்பங்களின் பல வருஷ அலைச்சலை நீக்கியவராவார். மாதாந்தரப் பயிராய்வுக்கு வயலுக்குச் செல்லும் நாளை முன்னதாகத் தெரிவித்தால், குடியானவர்களும் அன்று வயலில் இருப்பார்கள்.

கணக்குப் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல். வியாபாரிகள் புதுக்கணக்கு எழுதும் நாளில் விவசாயி மாத்திரம் எழுதாதிருப்பதற்குக் காரணம் காணேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வயல் ஒன்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குக. இடப்பக்கத்தில் தேதி, வேலை, ஆள் அல்லது இயந்திரம், செலவு. வலப்பக்கத்தில் மகசூல், விற்ற விலை, வைக்கோல் வரவு. தம் சொந்த உழைப்புக்கும் வீட்டாருடைய உழைப்புக்கும் ஊரில் நடக்கும் கூலியைப் போட்டு எழுதவேண்டும். அதை விட்டு எழுதும் கணக்கில் எப்போதும் லாபமே தெரியும். முதற்பக்கத்தில் நான்கு வரிகள் போதும்: முளைப்புச் சோதனையில் எந்த மூட்டை எத்தனை, நீர் வரும் தேதிக்கு ஏற்ற இரண்டு திட்டங்கள், பத்து சென்ட் சோதனை எந்த வயலில், எதனை மாற்றி, பட்டா யார் பெயரில். பொன்னேர் பூட்டிவிட்டு வந்து, பானகம் குடித்தபின் அன்று மத்தியானமே இவற்றை எழுதத் தொடங்கலாம். முளைப்பின் எண்ணிக்கைக்கு மட்டும் ஏழு நாள் இடம் விட்டு வைக்கவேண்டியிருக்கும்.